டபரா, தேங்காய், களிமண்: வீட்டுப் பொருளில் எந்தப் பாடம் இருக்கிறது?

மும்பையில் மாட்டுங்கா ஆனாலும் தாராவி ஆனாலும், தமிழ் வீட்டு அடுக்களையில் டபரா டம்ளர் ஒரு செட்டாவது இருக்கும். குழந்தை வளர்ச்சி பற்றிய ஒரு முக்கியமான சோதனையைச் செய்து பார்க்க அந்த டபராவும் இரண்டு கண்ணாடி டம்ளரும் போதும். ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடி டம்ளரில் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஐந்து வயதுக் குழந்தையிடம் "ரெண்டும் சமமா?" என்று கேளுங்கள். சமம் என்று சொன்னதும், அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு டம்ளர் தண்ணீரை டபராவில் ஊற்றிவிட்டு "இப்ப எதுல நிறைய இருக்கு?" என்று கேளுங்கள். அநேகமாகக் குழந்தை டம்ளரைத்தான் காட்டும், ஏனென்றால் அதில்தான் தண்ணீர் உயரமாக நிற்கிறது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே விரிவாக ஆராய்ந்த விஷயம் இது. பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்பது ஏழு வயதையொட்டித்தான் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிடிபடுகிறது.

இந்த இடத்தில் பெரியவர்கள் வழக்கமாகச் செய்வது "இல்லடா கண்ணா, ரெண்டும் ஒண்ணுதான்" என்று திருத்துவது. குழந்தை அதைத் திருப்பிச் சொல்லும், ஆனால் நம்பாது. நாளைக்கு வேறு பாத்திரம் வைத்துக் கேட்டால் பழைய பதில்தான் வரும். திருத்துவதை விட்டுவிட்டு, தண்ணீரை டபராவிலிருந்து டம்ளருக்கும் டம்ளரிலிருந்து டபராவுக்கும் அதன் கையாலேயே மாற்றி மாற்றி ஊற்ற விடுங்கள். வாரத்தில் மூன்று நாள், தினம் பத்து நிமிடம் போதும். இதற்கு எவர்சில்வர் டம்ளர் உதவாது, பக்கவாட்டில் மட்டம் தெரியாது. விளிம்பு வரை ஊற்றவும் கூடாது. சிந்திவிட்டால் தண்ணீர் நிஜமாகவே குறையும், "கம்மியாயிடுச்சு" என்று குழந்தை சொல்வது சரியாகிவிடும். முக்கால் டம்ளர் வரை ஊற்றி, அடியில் ஒரு தாம்பாளம் வையுங்கள்.

அதே செட்டில் அறிவியலும் உண்டு. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரைச் சம அளவாக டம்ளரிலும் டபராவிலும் ஊற்றி, பத்து நிமிடம் கழித்து விரலை விட்டுப் பார்க்கச் சொன்னால் டபராவில் இருப்பதுதான் அதிகம் ஆறியிருக்கும். அகன்ற பரப்பில் ஆவியாவதும் காற்று படுவதும் கூடுதல். இசையும் உண்டு. நான்கு கண்ணாடி டம்ளரில் வெவ்வேறு அளவு தண்ணீர் வைத்து மரக்கரண்டியால் தட்டினால், தண்ணீர் கூடக்கூடச் சுருதி இறங்கும். ஜலதரங்கம் இந்த விதியில்தான் இயங்குகிறது. குறுகிய வாய் உள்ள பாட்டிலில் ஊதினால் இது தலைகீழாகும், தண்ணீர் கூடக்கூடச் சுருதி ஏறும். தட்டும்போது அதிர்வது கண்ணாடி, தண்ணீரின் கனம் அதை மெதுவாக்குகிறது. ஊதும்போது அதிர்வது உள்ளே இருக்கும் காற்று, தண்ணீர் ஏற ஏறக் காற்றுக்கு இடம் குறைகிறது. இந்த விளக்கம் ஆறு வயதுக்கு வேண்டாம். இரண்டும் எதிர்த்திசையில் போகின்றன என்று காதால் கண்டுகொண்டால் போதும்.

டபரா டம்ளரில் இருப்பது இவ்வளவுதான்: கணக்கு, அறிவியல், கொஞ்சம் இசை. "ஒரே பொருள், எல்லாப் பாடமும்" என்று ஆர்வத்தோடு இறங்கும் பெற்றோரும் பால்வாடி ஆசிரியைகளும் இங்கே நிற்பதில்லை. நடுவில் டபராவை வரைந்து, எட்டுப் பக்கமும் கோடு இழுத்து, டபரா பாட்டு, டபராவின் வரலாறு, டபராவும் நற்பண்பும் என்று நிரப்பிவிடுகிறார்கள். ஒரு பொருள் உண்மையில் சுமப்பது இரண்டு அல்லது மூன்று பாடம். மிச்சம் நாம் ஒட்டவைப்பது, குழந்தைக்கும் அது தெரிந்துவிடும். எந்தப் பொருளில் எந்தப் பாடம் தானாக இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் பெரியவரின் வேலை. பொருள்களை எண்ணிக்கையில் கூட்டுவதிலும் பயனில்லை. ஒரு மணி நேரத்தில் பத்துப் பொருளைக் காட்டுவதைவிட ஒரு பொருளோடு ஒரு வாரம் இருப்பது மேல்.

இந்த முறை ஏற்கெனவே ஒரு தடவை கெட்டுப்போயிருக்கிறது. சொல்லுக்கு முன் பொருள் வர வேண்டும் என்று சுவிட்சர்லாந்துக் கல்வியாளர் பெஸ்டலோசி சொன்னதைக் கேட்டு, 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பள்ளிகளில் 'பொருள் பாடம்' நடத்தினார்கள். நாளடைவில் ஆசிரியர் கண்ணாடித் துண்டைத் தூக்கிக் காட்ட, வகுப்பே "ஒளி புகும், எளிதில் உடையும்" என்று கோரஸாக ஒப்பிக்கும் வழக்கமாக அது சுருங்கிப்போனது. பொருள் ஆசிரியர் கையில், சொல் பிள்ளைகள் வாயில்! இன்றும் "ஆக்டிவிட்டி" என்ற பெயரில் நடப்பதில் பாதி இந்த ரகம்.

நம் பக்கத்தில் இதைச் சரியாகச் செய்தவர்கள் உண்டு. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் தக்ளி நூற்பே கணக்குக்கும் புவியியலுக்கும் வாசலாக இருந்தது. 1939இல் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். அவருடைய கருவிகள் அருமையானவை, விலையும் அதற்கேற்றது. மும்பைக்கு வடக்கே, இன்றைய பால்கர் மாவட்டத்துப் போர்டி கிராமத்தில், 1945இல் தாராபாய் மோடக் தொடங்கிய பால்வாடி அந்த விலைச் சிக்கலைத் தீர்த்தது. அவரும் உடன் பணியாற்றிய அனுதாய் வாக் என்பவரும், விலைக்கு வாங்கும் கருவிகளுக்குப் பதிலாகக் கூழாங்கல், இலை, விதை, கிளிஞ்சல் ஆகியவற்றை வைத்தே வேலை செய்தார்கள். இன்றைய அங்கன்வாடியின் வேர் அங்கேதான்.

அரிசியும் ஆழாக்கும்

திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்த குடும்பங்கள் சிலவற்றில் பாட்டி காலத்து ஆழாக்கு, உழக்கு இன்னும் கிடக்கும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஒவ்வொரு கட்டத்திலும் சரிபாதி. பின்னம் கற்றுத்தர இதைவிட நல்ல கருவி கடையில் கிடைக்காது. மெட்ரிக் அளவைச் சட்டம் 1956இல் வந்து இவற்றை வியாபாரத்திலிருந்து விலக்கியது நம் அதிர்ஷ்டம், விளையாட எடுத்துக்கொள்ளலாம். இல்லாத வீட்டில் ஒரு பெரிய டம்ளர், ஒரு சிறிய டம்ளர், ஒரு காபி கரண்டி போதும்.

ஒரு கிலோ அரிசியைப் பெரிய தாம்பாளத்தில் கொட்டி, "இந்தச் சொம்பு நிறைய எத்தனை டம்ளர் வேணும்?" என்று முதலில் ஊகம் கேளுங்கள். ஊகத்தை ஒரு தாளில் கோடுகளாகப் போட்டுவைத்த பிறகுதான் அளக்க வேண்டும். இல்லையென்றால் விடை வந்தவுடன் "நான் அதைத்தான் நெனச்சேன்" என்பார்கள். அண்ணன் அளந்தால் ஆறு, தங்கை அளந்தால் ஏழு என்று வரும். சண்டை தொடங்கும். விலக்காதீர்கள். அண்ணன் குவித்து அளக்கிறான், தங்கை தலை தட்டி அளக்கிறாள் என்பதை அவர்களே பார்க்கட்டும். எல்லோரும் ஒரே மாதிரி அளந்தால்தான் கணக்கு நிற்கும் என்ற எண்ணம், ஸ்கேலைக் கையில் கொடுப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது.

அடுத்த நாள் ஒரு டம்ளர் அரிசியையும் ஒரு டம்ளர் பொரியையும் தூக்கிப் பார்க்கட்டும். ஒரே டம்ளர், ஒரே அளவு, ஆனால் எடை வேறு. கைக்குத் தெரிந்ததைக் கண்ணுக்குக் காட்ட, சட்டை மாட்டும் ஹேங்கரின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கொட்டாங்குச்சியை மூன்று நூலால் கட்டித் தொங்கவிட்டால் தராசு தயார். இரண்டு கொட்டாங்குச்சி ஒரே எடையில் அமையவே அமையாது. லேசான பக்கத்தின் அடியில் கொஞ்சம் களிமண் ஒட்டிச் சமப்படுத்த வேண்டும். நூல் வழுக்காமல் ஹேங்கர் முனையில் ரப்பர் பேண்ட் சுற்றுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தை எடைக்கல்லாக வைக்கலாம் என்று தோன்றும். வெவ்வேறு ஆண்டுகளில் வந்த நாணயங்கள் எடையில் வேறுபடும் என்பதால் கணக்கு உதைக்கும். கடையில் வாங்கிய 50 கிராம் மஞ்சள்தூள் பாக்கெட், பிரிக்காதது, அதைவிட நம்பகமானது.

அரிசியை விளையாட்டுப் பொருளாக்குவதைச் சில வீடுகளில் பெரியவர்கள் ஒப்பமாட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. புளியங்கொட்டையை வைத்துக்கொள்ளுங்கள், எண்ணிக்கைக்கு அரிசியைவிட அது வசதி.

மிதப்பதும் மூழ்குவதும்

மும்பையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு வீடே காத்திருக்கும், எனவே அரை வாளிக்கு மேல் எடுக்க வேண்டாம், முடிந்ததும் தரை துடைக்க ஆகும். உருளைக்கிழங்கு, வெங்காயம், திராட்சை, ஆப்பிள், சாத்துக்குடி, ஊசி, டபரா, டம்ளர். ஒவ்வொன்றையும் போடுவதற்கு முன் "என்ன ஆகும்?" என்று கேளுங்கள். கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும் என்ற விதியோடுதான் எல்லாக் குழந்தையும் வரும். ஆப்பிள் மிதந்து, அதைவிடப் பலமடங்கு லேசான திராட்சை மூழ்கும்போது அந்த விதி ஆடிப்போகும். சாத்துக்குடி தோலோடு மிதக்கும், தோலை உரித்துவிட்டால் மூழ்கும். தோலுக்குள் இருக்கும் காற்று அதற்கு மிதவை. உள்ளே இருக்கும் வெள்ளைத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தால் உரித்த பிறகும் மிதந்து மானத்தை வாங்கும், சுத்தமாக எடுத்துவிடுங்கள். மூழ்கிய உருளைக்கிழங்கில் ஒரு சிறு துண்டை, கால் லிட்டர் தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி உப்பு கரைத்து அதில் போட்டால் எழும்பி மிதக்கும். உப்பு முழுதாகக் கரையும் வரை கலக்கவேண்டும்.

காலி டம்ளரை நிற்கவைத்தால் சாய்ந்து தண்ணீர் புகுந்து மூழ்கும். டபரா சாயாது. டம்ளர் அடியில் கூழாங்கற்களைப் போட்டால் அதுவும் நிமிர்ந்து மிதக்கும். கோலி மீனவர்களின் படகு ஏன் அகலமாக இருக்கிறது என்ற கேள்வியை வர்சோவா கடற்கரைப் பக்கம் போகும்போது குழந்தையே கேட்கலாம். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

தேங்காய் இதில் தனி ரகம். மட்டையோடு மிதக்கும், நார்களுக்கு நடுவே காற்று. கடலில் மிதந்துபோய்க் கரை ஒதுங்கி முளைக்கும் மரம் என்று இங்கிருந்து புவியியலுக்கு இயல்பாகப் போகலாம். கிராமத்துத் தோப்பும் இந்த ஊர்க் கடலும் அதில் சேரும். ஆவணிப் பௌர்ணமியை ஒட்டி வரும் நாரளி பூர்ணிமாவில் கோலி மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் கொடுத்து, மழைக்கால ஓய்வு முடிந்து மீன்பிடிக்கத் தொடங்குவார்கள். தேங்காயின் மூன்று கண்ணையும் தீக்குச்சியால் அழுத்திப் பார்க்கட்டும். ஒன்றுதான் இளகும். முளை வருவது அந்தக் கண் வழியாகத்தான். உடைக்கும் முன் ஆட்டிக் காட்டி, "உள்ள எத்தனை டம்ளர் தண்ணி இருக்கும்?" என்று ஊகம் கேளுங்கள். முற்றிய காயில் குழந்தை நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

கும்பார்வாடா மண்

தாராவியிலும் சயானிலும் இருப்பவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கும்பார்வாடா இருக்கிறது. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் குடியிருப்பு. ஒரு கிலோ பிசைந்த களிமண் கேட்டால் கிடைக்கும். கணபதி சீசனில், சிலை செய்யும் ஷாடு மண் எல்லா இடத்திலும் விற்கும், அதுவும் ஆகும்.

மண்ணை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாமல் பட்டையாகத் தட்டி, தீக்குச்சியால் சரியாக 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளி குத்துங்கள். நிழலில் காயட்டும். மூன்று நான்கு நாள், ஜூலையில் ஒரு வாரம். மறுபடி அளந்தால் அரை சென்டிமீட்டரோ அதற்குச் சற்றுக் கூடவோ குறைந்திருக்கும். தண்ணீர் போன இடத்தை மண் துகள்கள் நெருங்கி அடைத்துக்கொண்டன. பட்டை விரிசல் விட்டால் மண் சரியில்லை என்று பொருளில்லை. ஃபேன் அடியில் வைத்ததால் ஓரம் முதலில் காய்ந்து சுருங்க, நடு ஈரமாகவே இருந்திருக்கும். முதல் நாள் முழுக்க ஈரத்துணி போட்டு மூடிவைத்தால் சரியாகும்.

இனிதான் நல்ல பகுதி. காய்ந்த பட்டையில் ஒரு துண்டையும் உடைந்த அகல் விளக்கு ஒன்றின் துண்டையும் இரண்டு கிண்ணம் தண்ணீரில் போடுங்கள். பச்சை மண் குமிழி விட்டுப் பொலபொலவென்று உதிர்ந்து சேறாகும். அகல் துண்டும் குமிழி விடும், அதில் நுண்துளைகள் இருக்கின்றன, ஆனால் கரையாது. சுமார் 600 டிகிரி சூட்டில் களிமண்ணின் உள்ளமைப்பே மாறிவிடுகிறது, அதன்பின் திரும்ப மண்ணாக வழியில்லை. துண்டு அரைகுறையாகக் காய்ந்திருந்தால் தண்ணீரில் உதிராமல் கொழகொழவென்று நிற்கும், சோதனை தோற்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

மழைக்காலத்தில் வேறு எதுவும் செய்ய முடியாத நாளில் பொரித்த அப்பளம் இரண்டு போதும். ஒன்று மூடிய டப்பாவில், ஒன்று ஜன்னலோரத் தட்டில். ஒரு மணி நேரம் கழித்து ஒடித்துப் பார்த்தால் சத்தமே வித்தியாசம் சொல்லும். உப்பு ஜாடி ஏன் கசிகிறது என்பதற்கும் விடை அதே காற்றின் ஈரம்தான்.

எந்த மொழியில், எந்தக் கேள்வி

மேலே சொன்ன வேலைகளில் வரும் வினைச்சொற்களைப் பாருங்கள்: மிதக்கும், மூழ்கும், ஊறும், உதிரும், கரையும், நமுத்துப்போகும், கசியும், வழியும். இவை ஒவ்வொன்றும் தனித்தனி நிகழ்வு. பொருளைத் தொட்டுக்கொண்டிருக்கும் கணத்தில் இந்தச் சொல் காதில் விழுந்தால் ஒட்டிக்கொள்ளும். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. ஆனாலும் பல தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கில வழியிலோ மராத்தி வழியிலோ படிக்கிறார்கள். அதனால் வீட்டிலும் ஆங்கிலத்தில் "சிங்க், ஃப்ளோட்" என்று சொல்லித் தர வேண்டியதில்லை. நிகழ்வு தமிழில் புரிந்தபின் பள்ளிச் சொல் ஒரு நாளில் வந்து உட்காரும். முடிந்தவரை குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுமொழியில் கற்பிக்க வேண்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கையும் சொல்கிறது.

கேள்வி கேட்ட பிறகு பெரியவர் பொறுப்பதில்லை. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளில் அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சுமார் ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். ஐந்து வயதுக் குழந்தையிடம் "ஏன்?" என்று கேட்பதைக் குறையுங்கள், கட்டுக்கதைதான் வரும். "அடுத்து என்ன ஆகும்?", "நேத்து மாதிரியே இருக்கா?" என்ற இரண்டும் போதும்.

எதைக் கொடுக்கக் கூடாது

மூன்று வயதுக்குக் கீழே, டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எதுவும் கூடாது. குழாயின் வாய் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். புளியங்கொட்டை, கடலை, பட்டன் எல்லாம் மூக்கிலும் தொண்டையிலும் போகக்கூடியவை. குன்றிமணி அழகாக இருக்கும், எண்ணுவதற்கு என்று சில வீடுகளில் வைத்திருப்பார்கள். மென்றால் கொடிய நஞ்சு, எந்த வயதுக்கும் வேண்டாம். ரிமோட்டிலும் பாடும் பொம்மையிலும் இருக்கும் வட்ட பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரிக்கத் தொடங்கிவிடும். வாந்தி எடுக்கவைக்க முயலாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். தண்ணீர் உள்ள வாளி பக்கத்தில் சின்னக் குழந்தையை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக்கூடாது.

பொருளால் ஆகாத பாடமும் இருக்கிறது. பால் பாக்கெட்டிலும் லோக்கல் ஸ்டேஷன் பலகையிலும் எழுத்தைக் காட்டினால் எழுத்துக்கு வேலை இருக்கிறது என்று குழந்தைக்குத் தெரியும், ஆனால் படிக்க வந்துவிடாது. மும்பையின் பெஸ்ட் பஸ் முகப்பில் தேவநாகரி எண்ணும் பள்ளி நோட்டில் வேறு எண்ணும் பார்க்கும் பிள்ளைக்குக் குழப்பம்தான் கூடும். 'க'வும் 'கி'யும் 'கு'வும் எப்படி வேறுபடுகின்றன, 13க்கும் 31க்கும் என்ன வித்தியாசம் என்பதெல்லாம் மனிதர்கள் ஏற்படுத்திக்கொண்ட குறிகள். எத்தனை நாள் தேங்காயை உருட்டினாலும் அவை அதிலிருந்து வரப்போவதில்லை. அவற்றை வரிசையாக, நேரடியாகச் சொல்லித் தந்து பழக்க வேண்டும். தினம் பதினைந்து, இருபது நிமிடம் அதற்குத் தனியாக ஒதுக்குங்கள், அந்த நேரத்தில் டபராவை அலமாரியில் வைத்துவிடுங்கள்.